3யூ-வா, 4யூ-வா என்று கேட்பதற்கு முன்னால்: ஷட்டில் மட்டையை ஷாஃப்ட்டிலிருந்து தேர்ந்தெடுங்கள்

கேள்வி இதுதான்: "ஒன்றரை வருடமாக வாரம் நான்கு நாள் ஷட்டில் ஆடுகிறேன். பெரும்பாலும் டபுள்ஸ். கையில் இருப்பது 3யூ எடை, தலைப்பக்கம் கனம், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் (மிக இறுக்கமான) ஷாஃப்ட் (தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள தண்டு). 27 பவுண்டு இழுவிசையில் நரம்பு கட்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஆடினால் முழங்கை வலிக்கிறது. கிளியர் (எதிராளியின் பின்கோடு வரை உயரமாக அனுப்பும் அடி) அடித்தால் எதிர்ப்பக்கத்து நடுக் கோர்ட்டிலேயே விழுந்துவிடுகிறது. எடை குறைந்த 5யூ வாங்கு என்கிறார் ஒரு நண்பர். ஸ்மாஷ் வேண்டுமென்றால் தலை கனமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 4யூ எடை, மீடியம் ஷாஃப்ட், நடுத்தர பேலன்ஸ் (தலை கனமும் இல்லை, லேசும் இல்லை). நரம்பு 23 அல்லது 24 பவுண்டு. நண்பர்கள் இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் எடையைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்' என்ற வார்த்தைதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷாஃப்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்மாஷுக்கோ கிளியருக்கோ கையை வீசத் தொடங்கும்போது கைப்பிடி முன்னால் கிளம்பிவிடும். மட்டையின் தலை உடனே கிளம்பாது, தன் கனத்தால் ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தில் ஷாஃப்ட் பின்பக்கமாக வளைகிறது. அப்புறம் அடிக்கும் இடத்தை நெருங்கும்போது கைப்பிடியின் வேகம் சற்றுக் குறைய, வளைந்த ஷாஃப்ட் நிமிர்ந்து தலையை முன்னால் தள்ளிவிடுகிறது. இளம் மூங்கில் கழியைக் காற்றில் விசிறிப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். காக் (இறகுப் பந்து) நரம்பில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஷாஃப்ட் நிமிர்வதும் காக் நரம்பில் படுவதும் ஒரே கணத்தில் சேர்ந்தால் அடி லேசாகவும் பலமாகவும் போகும். சேராவிட்டால் எல்லா வேலையும் தோளுக்கும் முழங்கைக்கும் வந்துவிடும்.

ஷாஃப்ட்டை வளைப்பது உங்கள் கையின் முடுக்கம். கடினமான ஷாஃப்ட்டை வளைக்க அதிக முடுக்கம் வேண்டும். அந்த முடுக்கம் கையில் இல்லாதபோது எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் மட்டை வளையவே வளையாது. வெறும் கம்பியால் அடிப்பது போலத்தான். உங்கள் கிளியர் நடுக் கோர்ட்டில் விழுவதற்குப் பெரிய காரணம் இது என்று நினைக்கிறேன். மறுபக்கமும் உண்டு. கை மிக வேகமாக இருப்பவர் நெகிழ்வான ஷாஃப்ட் பிடித்தால், ஷாஃப்ட் நிமிர்வதற்கு முன்பே காக் நரம்புக்கு வந்துவிடும். தலை இன்னும் பின்தங்கியே இருப்பதால் மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்திருக்கும். கீழே இறங்க வேண்டிய ஸ்மாஷ் நீளமாகப் போகும். முன்னணி ஆட்டக்காரர்கள் ஸ்டிஃப் ஷாஃப்ட் பிடிப்பது இதனால்தான். பலம் கூட வேண்டும் என்பதற்காக இல்லை. பலத்தை அவர்கள் கையே கொடுத்துவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது, முகம் நினைத்த கோணத்தில் நினைத்த நேரத்தில் வந்து நிற்பது.

ஆக, ஸ்டிஃப் என்றால் பவர், ஃப்ளெக்ஸ் என்றால் கன்ட்ரோல் என்று சொல்வது தலைகீழ். மெதுவான கைக்கு நெகிழ்வான ஷாஃப்ட்தான் பவர் கொடுக்கும். வேகமான கைக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட் துல்லியம் கொடுக்கும். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மட்டையின் மேல் எழுதியிருக்கும் பாதி விஷயங்கள் தானாகப் புரியும்.

உங்கள் கை எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? காக் இல்லாமல், ஸ்மாஷ் அடிப்பது போல மட்டையை வீசுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'விஷ்' என்ற சத்தத்தை மட்டும் கேளுங்கள். சத்தம் தலைக்குப் பின்னாலோ காதுக்கு நேராகவோ வந்தால் நீங்கள் சீக்கிரமே முடுக்கிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். காக் படும் இடத்துக்கு வரும்போது வேகம் குறைந்திருக்கும். சத்தம் நெற்றிக்கு முன்னால், கை நீண்டு உயர்ந்த இடத்தில், சின்னதாகவும் கூர்மையாகவும் வந்தால் கடைசி நேரத்தில் முடுக்குகிறீர்கள். இரண்டாவது வகைக் கைதான் ஸ்டிஃப் ஷாஃப்ட்டை வளைக்கும். நீளமாக, சீராக வீசுபவர்களுக்கு மீடியமோ ஃப்ளெக்ஸோ பொருந்தும். ஒன்றரை வருடம் ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வகைச் சத்தம்தான் வரும். அதில் குறை ஒன்றும் இல்லை. முன்கையைக் கடைசி நேரத்தில் சுழற்றுவது பழகப் பழகத்தான் வரும். ஸ்மாஷின் வேகத்தில் பெரும்பகுதி மேற்கையும் முன்கையும் சேர்ந்து சுழல்வதிலிருந்துதான் பிறக்கிறது, ஷாஃப்ட் கொடுப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல்தான்.

இன்னொரு சாட்சி உங்கள் பழைய நரம்பில் இருக்கிறது. நான் பல வருடங்களாக நண்பர்களுடைய மட்டைகளுக்கு நரம்பு கட்டிக்கொடுக்கிறேன். மட்டையை வாங்கியதும் முதலில் பார்ப்பது, பழைய நரம்பில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதை. காக்கின் தக்கை பட்டுப் பட்டு, நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். நல்ல டைமிங் உள்ளவர்களுக்கு அந்தத் தேய்மானம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டமாக இருக்கும். டைமிங் இன்னும் நிலைக்காதவர்களுக்கு மட்டை முழுக்கச் சிதறியிருக்கும், நரம்பும் நடுவில் அறாமல் ஃப்ரேமின் மேல் விளிம்பை ஒட்டி அறுந்திருக்கும். அப்படி அறுந்த மட்டையோடு வந்து "30 பவுண்டு கட்டிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கட்டுவேன். உங்கள் மட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஸ்டிஃப்னஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. இதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஸ்டிஃப்' இன்னொன்றின் 'மீடியம்' போல இருக்கலாம். ஃப்ரேமின் இறுக்கம் வேறு, ஷாஃப்ட்டின் இறுக்கம் வேறு. மட்டையின் இரு முனையையும் பிடித்து வளைத்துப் பார்ப்பதில் கொஞ்சம் தெரியும், ஆனால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஆடிப் பார்ப்பதுதான் வழி.

சரி, எடைக்கு வருவோம். கைப்பிடிக்கு மேலே உள்ள கூம்பில் 3யூ, 4யூ என்று எழுதியிருக்கும். யோனெக்ஸ் கம்பெனியின் கணக்கில் 2யூ என்றால் 90 முதல் 94.9 கிராம், 3யூ 85 முதல் 89.9, 4யூ 80 முதல் 84.9, 5யூ 75 முதல் 79.9. எண் கூடக் கூட எடை குறையும். அதற்கும் கீழே எஃப் என்ற வகை உண்டு, 70 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு வகைக்குள்ளும் 5 கிராம் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். 85.2 கிராம் 3யூ-வுக்கும் 84.6 கிராம் 4யூ-வுக்கும் இடையில் கையால் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசமே இல்லை. பெயர் மட்டும்தான் மாறுகிறது. ஆட்டத்தின் விதிகள் மட்டையின் நீளம் 680 மி.மீ., அகலம் 230 மி.மீ. தாண்டக்கூடாது என்று சொல்கின்றன, எடைக்கு வரம்பு வைக்கவில்லை.

இந்த எடை நரம்பும் ஓவர்கிரிப்பும் (கைப்பிடி மேல் சுற்றும் டேப்) சேராத எடை. ஒருமுறை ஒருவர் 4யூ மட்டையைக் கொண்டுவந்து, இது எனக்கு ரொம்பக் கனம், 5யூ-வுக்கு மாறலாமா என்று கேட்டார். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தால் உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. பழைய ஓவர்கிரிப்பைக் கழற்றாமல் மேலேயே சுற்றிச் சுற்றி மூன்று அடுக்கு ஆகியிருந்தது. மூன்றையும் உரித்துச் சமையலறைத் தராசில் வைத்தேன்: வியர்வை ஊறி 17 கிராம். 4யூ-விலிருந்து 5யூ-வுக்கு மாறினால் குறைவது சுமார் 5 கிராம். அவர் அதைப்போல மூன்று மடங்கை டேப்பாகவே கையில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறார். புதிதாக ஒரே ஒரு அடுக்கு சுற்றிக்கொடுத்தேன். மட்டையை மாற்றாமலே அவருடைய பேச்சு மாறிவிட்டது.

ஆனால் அந்த 17 கிராம் கைப்பிடியில் இருந்ததால் பெரிய கெடுதல் செய்யவில்லை. தலையில் இருந்திருந்தால் மட்டையைச் சுழற்றவே முடிந்திருக்காது. பேலன்ஸ் என்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மட்டையைக் கிடையாக ஒரு விரலில் வைத்து, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளந்தால் கிடைப்பதுதான் பேலன்ஸ் பாயின்ட். 285 மி.மீ.க்குக் கீழே இருந்தால் தலை லேசான மட்டை, 295க்கு மேலே தலை கனமான மட்டை, இடையில் இருப்பது நடுத்தரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நரம்பு கட்டி அளந்தார்களா, கட்டாமல் அளந்தார்களா என்பதைப் பொறுத்து எண் வெகுவாக மாறும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வெறும் மட்டை 85 கிராம், பேலன்ஸ் 285 மி.மீ. என்று வையுங்கள். நரம்பு சுமார் 5 கிராம், அதன் கனம் கைப்பிடி அடியிலிருந்து 550 மி.மீ. தூரத்தில் தலையின் நடுவில் விழுகிறது. கட்டி முடித்ததும் பேலன்ஸ் சுமார் 15 மி.மீ. தலைப்பக்கம் நகர்ந்து 300க்கு வந்துவிடும். அதன் மேல் 5 கிராம் ஓவர்கிரிப் சுற்றினால் 11 மி.மீ. போலத் திரும்பக் கீழே வரும். ஒரு காக்கின் எடையே விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம்தான். அந்த அளவு கனத்தை எங்கே வைக்கிறோம் என்பது 'தலை லேசு' என்று விற்ற மட்டையை 'தலை கனம்' ஆக்கவும் போதும், திரும்பவும் மாற்றவும் போதும்.

கை உணர்வது இந்தப் பேலன்ஸ் எண்ணையும் இல்லை, சுழற்றும்போது வரும் தடையைத்தான். கனம் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை கூடும். மட்டையின் உச்சியில் இருக்கும் 1 கிராம், அதில் பாதித் தூரத்தில் இருக்கும் 1 கிராமைப்போல நான்கு மடங்கு தடை கொடுக்கும். கைக்குள்ளேயே இருக்கும் கிராமுக்குத் தடையே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே தலை லேசான 3யூ மட்டை, தலை கனமான 4யூ-வை விடச் சுறுசுறுப்பாகத் திரும்புவது சகஜம். தராசில் முன்னது கனம், கையில் பின்னது கனம். எடையை மட்டும் கேட்டு வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஈயத் தகடு டேப் 3 கிராம் அளவுக்கு வெட்டி, மட்டையின் உச்சியில் ஒட்டி ஒரு கேம் ஆடுங்கள். பேலன்ஸ் சுமார் 11 மி.மீ. மேலே போகும். பின்னாலிருந்து அடிக்கும் ஸ்மாஷில் ஒரு கனமான 'தட்' கேட்கும், பிடித்துப்போகும். அடுத்து எதிராளி உங்கள் உடம்பை நோக்கி ஸ்மாஷ் அடிக்கட்டும். பேக்ஹேண்டை முன்னால் கொண்டுவர வேண்டிய நேரத்தில் மட்டை ஒரு விரற்கடை பின்தங்கி வரும். அந்த ஒரு விரற்கடையில் காக் இடுப்பில் பட்டுவிடும். அப்புறம் அதே டேப்பைக் கழற்றிக் கைப்பிடியின் அடியில் ஒட்டுங்கள். எடை அதேதான், ஆனால் டேப் ஒட்டியதே கைக்குத் தெரியாது.

இங்கே ஸ்மாஷுக்குத் தலை கனம் வேண்டும் என்ற நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். கையின் வேகம் ஒன்றாகவே இருந்தால் தலையில் கனம் கூடிய மட்டை காக்கை இன்னும் பலமாகத் தள்ளும், அது உண்மை. ஆனால் கனம் கூடினால் கையின் வேகம் குறையும், அதுவும் உண்மை. இரண்டில் எது ஜெயிக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சோகா நகரில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸ் பதிவு செய்தது. அதற்கு முன் 2013-இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் அடித்த 493 கி.மீ. பத்து வருடம் சாதனையாக நின்றது. சாத்விக் அன்று பிடித்திருந்தது நானோஃப்ளேர் 1000இஸட். யோனெக்ஸ் தலை லேசான மட்டைகளுக்கு வைத்திருக்கும் வரிசையைச் சேர்ந்தது. ஷாஃப்ட் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். அவருடைய கையும் முன்கைச் சுழற்சியும் இருந்தால் அந்த ஷாஃப்ட் வளைந்து கொடுக்கும். நம் கைக்குக் கொடுக்காது. அந்தச் சாதனையைப் பார்த்துவிட்டு அதே மட்டையை வாங்கினால் பயனில்லை. ஆனால் தலை கனம் இல்லாமல் ஸ்மாஷ் இல்லை என்ற எண்ணத்தை விடுவதற்கு அந்த ஒரு அடி போதும்.

ஆட்டத்தின் பாணிக்கு ஏற்பப் பார்த்தால், டபுள்ஸில் பின்னால் நின்று ஸ்மாஷும் டிராப்பும் (வலையோரம் மெதுவாக விழும் அடி) அடிப்பவருக்குத் தலைக் கனம் உதவும். அவருக்கு மட்டையைப் பின்னால் கொண்டுபோய் வீச நேரம் இருக்கிறது. வலையோரம் நிற்பவருக்கு அந்த நேரம் இல்லை. அங்கே வீச்சே கிடையாது, விரல்களை இறுக்கிச் சின்னதாக ஒரு தட்டு. அவருக்கு லேசான தலை, சீக்கிரம் நிமிரும் ஷாஃப்ட். யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 88 மாடலை டி, எஸ் என்று இரண்டாக விற்பது இந்தப் பிரிவினைக்காகவே: டி பின்வரிசைக்கு, எஸ் முன்வரிசைக்கு. ஆனால் நிரந்தர ஜோடி இல்லாமல் யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து ஆடும் நமக்கு ஒரே கேமில் இரண்டு இடமும் வரும், இரண்டையும் விட அதிகமாக டிஃபென்ஸ் வரும். நடுத்தர பேலன்ஸைச் சொல்வது அதனால்தான். சிங்கிள்ஸ் ஆட்டம் வேறு மாதிரி. பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குக் கிளியர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை சோர்ந்த மூன்றாவது கேமிலும் நீளம் குறையக் கூடாது. அங்கே கொஞ்சம் தலைக் கனமும் கொஞ்சம் நெகிழ்வும் சேர்ந்தால் சுகம்.

கம்பெனிகளின் வரிசைப் பெயர்கள் ஒரு முதல் வடிகட்டலுக்கு உதவும். யோனெக்ஸில் அஸ்ட்ராக்ஸ் தலை கனம், நானோஃப்ளேர் தலை லேசு, ஆர்க்சேபர் நடுத்தரம். விக்டரில் த்ரஸ்டர் தாக்குதலுக்கு, ஆராஸ்பீட் வேகத்துக்கு, டிரைவ்எக்ஸ் பொதுவான ஆட்டத்துக்கு. லி-நிங்கில் அதே வரிசையில் ஆக்ஸ்ஃபோர்ஸ், பிளேட்எக்ஸ், டெக்டானிக். ஒவ்வொரு வரிசையிலும் உச்சியில் இருக்கும் மாடல் விலையில் மட்டும் உச்சி இல்லை, பெரும்பாலும் ஷாஃப்ட்டின் இறுக்கத்திலும் உச்சி. நன்றாக ஆட வேண்டும் என்ற ஆசையில் நேரே மேலே உள்ளதை வாங்குபவர்கள் அவர்கள் கைக்கு ஒத்துவராத மட்டையைத்தான் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே வரிசையில் இரண்டாவது, மூன்றாவது படியில் இருக்கும் மீடியம் ஷாஃப்ட் மட்டை உங்களுக்கு அதிகப் புள்ளி எடுத்துத் தரும். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

5யூ வாங்கச் சொன்ன நண்பருக்கும் ஒரு வார்த்தை. 5யூ வேகமாகத் திரும்பும், தோள் வலி உள்ளவர்களுக்கு நல்லது, முன்வரிசைக்கு அருமை. ஆனால் பலமான ஸ்மாஷைத் தடுக்கும்போது மட்டைக்குப் பின்னால் கனம் இல்லாததால் கை தள்ளாடும். கிளியரில் உங்கள் கையின் வேகத்தை முழுவதும் நம்பியே இருக்கும். இப்போதே கிளியர் குறைவாக விழும் ஒருவருக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். எல்லாம் பழகிய பிறகு எடுத்துப் பாருங்கள்.

முழங்கை வலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அதுதான். வளையாத ஷாஃப்ட், 27 பவுண்டு நரம்பு, கனமான தலை, மூன்றும் சேர்ந்தால் நடுவில் படாத ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேரே கைக்கு வருகிறது. நரம்பை இறுக்க இறுக்க, நன்றாக அடிபடும் இடம் சுருங்கும். நரம்பு காக்கைத் துள்ளித் தள்ளுவதும் குறையும். கை வேகம் உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் துல்லியத்தைத் தருகிறது, மற்றவர்களுக்குப் பலகையால் அடித்த உணர்வைத் தருகிறது. 23, 24 பவுண்டுக்கு இறங்கினாலே உங்கள் கிளியர் நீளும். நரம்பின் தடிமனையும் பாருங்கள்: 0.70 மி.மீ. பிஜி65 என்ற யோனெக்ஸ் நரம்பு நீண்ட நாள் உழைக்கும், 0.66, 0.65 நரம்புகள் துள்ளலும் சத்தமும் அதிகம், ஆனால் சீக்கிரம் அறும். டைமிங் நிலைக்கும் வரை 0.70 போதும். எந்த நரம்பும் கட்டிய முதல் சில நாட்களிலேயே கொஞ்சம் தளரும், அதற்குப் பயந்து கூடுதலாக இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள்.

வலிக்கு இன்னொரு காரணம் பிடி. கைப்பிடி அளவு ஜி4, ஜி5, ஜி6 என்று வரும். யோனெக்ஸில் எண் கூடினால் கைப்பிடி மெலியும். மெலிந்த கைப்பிடியை வழுக்காமல் பிடிக்க ஆட்டம் முழுவதும் இறுக்கிக்கொண்டே இருப்போம், முன்கைத் தசைக்கு ஓய்வே இருக்காது. மிகத் தடித்த கைப்பிடியில் விரல்கள் வேலை செய்யாது. என் வழக்கம்: ஜி5 வாங்கி ஒரே ஒரு ஓவர்கிரிப் சுற்றி, சுற்றிப் பிடித்தால் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பேன். வியர்வையில் வழுக்கத் தொடங்கிய ஓவர்கிரிப்பை அன்றே மாற்றிவிடுங்கள். மட்டையைப் பறவைக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்து, காக் படும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். முழங்கைக்கு இதைவிட நல்ல மருந்து எந்த மட்டையிலும் இல்லை.

புதிது வாங்கும் முன் யாருடைய மட்டையையாவது கடன் வாங்கி ஆடிப் பாருங்கள். கடையில் காற்றில் வீசிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. காக் இல்லாமல் வீசினால் எல்லா மட்டையும் லேசாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் கிடைத்தால் ஸ்மாஷில் செலவழிக்காதீர்கள், அது ஆசையைக் கிளப்பும், உண்மையைச் சொல்லாது. முதல் பத்து நிமிடம் பின்கோட்டிலிருந்து கிளியர். முழு பலம் போடாமல், முக்கால் பலத்தில் அடித்தே எதிர்ப் பின்கோடு வரை போகிறதா? போகவில்லை என்றால் ஷாஃப்ட் உங்களுக்கு அதிக இறுக்கம். அடுத்து ஐந்து நிமிடம் எதிராளி ஸ்மாஷ் அடிக்க, நீங்கள் டிஃபென்ஸ். மட்டை தாமதமாக வருகிறதா? வந்தால் தலைக் கனம் அதிகம். கடைசி ஐந்து நிமிடம் வலைக்கு இரு பக்கமும் நின்று வேகமான டிரைவ் (வலையை ஒட்டித் தட்டையாகப் போகும் அடி). காக் நீங்கள் நினைத்த உயரத்தை விட்டு மேலே மேலே போனால் ஷாஃப்ட் உங்கள் கைக்கு மெத்து. இந்த மூன்றும் சரியாக அமைந்த மட்டையில் 3யூ என்று எழுதியிருந்தாலும் 4யூ என்று எழுதியிருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வலி அடங்கும் வரை சில நாள் ஆட்டத்தை நிறுத்துங்கள். இப்போதுள்ள மட்டையின் 27 பவுண்டு நரம்பை அறுத்தெடுங்கள். அறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி நாலு பக்கமும் சமமாக வெளியே வாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுவிசை நின்றால் ஃப்ரேம் கோணிவிடும். 23 பவுண்டில் 0.70 நரம்பு கட்டச் சொல்லுங்கள். பழைய கிரிப் அடுக்குகளை உரித்துப் புதிதாக ஒன்று மட்டும் சுற்றுங்கள். இரண்டு வாரம் ஆடுங்கள். கிளியர் ஓரடி நீண்டு, வலியும் குறைந்தால் நீங்கள் மீடியம் ஷாஃப்ட்டுக்கு மாறும்போது இன்னும் சுகமாக இருக்கும், அதே பாதையில் போகலாம். கிளியர் நீண்டும் வலி அப்படியே இருந்தால் மட்டை வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் முழங்கையைக் காட்டுங்கள்.